குறையும் குறையிரத்தலும்

புறநானூற்றின் 399-ஆம் பாட்டை வகுப்பில் நடத்தும் வாய்ப்பு நம் ஆசிரியர் பலர்க்குக் கிட்டுவதில்லை. பாடத்திட்டத்தில் அதற்கு இடமில்லை. தேர்வில் அதைக் கேட்பாரும் இல்லை. ஐயூர் முடவனார் என்றதும், கிள்ளிவளவன் மறைந்தபோது குயவனை விளித்து அவர் பாடிய 228-ஆம் பாட்டே எல்லார்க்கும் நினைவுக்கு வரும். அதன் பெருமையை மறுப்பாரில்லை. ஆயினும், புலவரை நேரில் கண்டது போன்ற உணர்ச்சியை எனக்குத் தருவது 399-ஆம் பாட்டுத்தான்.

கிணைப்பொருநன் ஒருவன் கூற்றாக நடக்கும் பாட்டு அது. மீனை விற்று, கிணைமகள் சமைத்த புளிங்கூழைப் பொழுது தப்பி உண்ணும் வறுமை அதில் இருக்கின்றது. பிறர் முகம் நோக்கேன் என்னும் மானமும் இருக்கின்றது. இவ்விரண்டையும் வைத்துவிட்டுத் தோன்றிக்கோன் முன்னே நின்று, தாம் வேண்டி வந்தது இன்னது என்று சொல்லிவிடுகின்றார். பொன் அன்று, யானை அன்று, ஊரும் அன்று, எருது. அதிலும் எத்தகைய எருது? சேற்றில் உருள் அழுந்தினாலும் தளராத வலிய பிடரி உடையது. நடக்கமாட்டாத தம்மை ஏற்றிச் செல்லும் வண்டியை இழுப்பதற்காக இதனைக் கேட்டார் என்று அறிஞர் விளக்குவர். அவ்விளக்கத்தை அவர்கள் எடுத்தது புலவரின் பெயரிலிருந்து. பாட்டுக்குள்ளே தேடிப் பாருங்கள்: தம் கால் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சேற்றைச் சொல்கின்றார், எருதின் பிடரியைச் சொல்கின்றார், அவ்வளவே.

இப்பாட்டை நான் இப்பொழுது மீண்டும் எடுத்துப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளாக அமெரிக்க நாட்டிலிருந்து வரும் ஒருவகை எழுத்தைக் கவனித்து வருகின்றேன். உடற்குறை உடையவராயும் திருநராயும் இருப்பவர்கள், தம் பாலுணர்வுக்கு ஏற்பத் தம் உடலை அமைத்துக்கொள்ளும் அறுவை மருத்துவத்துக்குப் பொருள் வேண்டி, ஊரறிய எழுதும் வேண்டுகோள் அது. பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கு மேற்போகாது. முன்பின் அறியாத பலரிடம் ஐந்தும் பத்துமாகச் சேர்த்துப் பல ஆயிரம் டாலர் திரட்டுவது நோக்கம். இதனை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்று என்னோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் கேட்டார். பணம் கேட்டு எழுதியதெல்லாம் இலக்கியமாகுமா என்பது அவர் ஐயம். பணம் கேட்டுப் பாடியவற்றை நீக்கிவிட்டால் புறநானூற்றில் எஞ்சுவது எவ்வளவு, பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்தும் எங்கே போகும் என்று நான் திருப்பிக் கேட்டேன். பரிசில் கடாநிலை, பரிசில் விடை என்று கேட்பதற்கும் பெறுவதற்கும் துறை வகுத்த மொழி நம்முடையது. ஆகவே, கேட்கும் எழுத்து நன்றாக எழுதப்பட்டிருக்கின்றதா, எழுதுகிறவரை அது என்ன செய்கின்றது என்று ஆராயும் உரிமை நமக்கு இருக்கின்றது.

(ஆற்றுப்படை பாடியவருள் முடத்தாமக் கண்ணியார் ஒருவர் இருக்கின்றாரே என்பர் சிலர். அங்கே 'முடம்' புலவர்க்கா, அவர் சூடிய தாமத்துக்கா என்பது தீராத வழக்கு. அதனை விட்டுவிடுவோம். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பற்றி அத்தகைய வழக்கில்லை.)

இவ்வேண்டுகோள்களின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே. முதலில் பெயரும் வயதும். அடுத்து நோயும் உடல்நிலையும் மருத்துவர் இட்ட பெயர்களோடு அடுக்கப்படும். பிறகு காப்புறுதி எப்படிக் கைவிட்டது என்னும் வரலாறு. பிறகு தொகை. கடைசியில் நன்றியும், பணம் இல்லாதவர் பிறர்க்கேனும் சொல்லி உதவுமாறு ஒரு வேண்டுதலும். இடையிடையே மன்னிப்பு. இந்த மன்னிப்புத்தான் முதலில் என் கண்ணில் பட்டது. 'கேட்பதற்கு வெட்கமாக இருக்கின்றது', 'என்னினும் துன்பப்படுவோர் பலர் இருக்கின்றனர் என்பதை அறிவேன்' என்னும் பொருள்பட வரும் தொடர்கள் இல்லாத வேண்டுகோள் அரிது. திருவள்ளுவர் 'இரவு' என்னும் 106-ஆம் அதிகாரத்தை அடுத்து 'இரவச்சம்' என்று 107-ஆம் அதிகாரத்தை வைத்த முறையை எண்ணிக்கொள்ளலாம். வள்ளுவர் இரண்டு அதிகாரமாக்கியதை இவர்கள் ஒரே தொடரில் அடைக்க வேண்டியிருக்கின்றது.

மன்னிப்பை அடுத்து என் கண்ணில் பட்டது மிகை. சுவை கருதிய மிகை அன்று, துன்பத்தின் மிகை. பொருள் தருவோர் ஆயிரக்கணக்கான வேண்டுகோள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே மற்றவரினும் தாம் இரங்கத்தக்கவர் என்று ஒவ்வொருவரும் காட்டியாக வேண்டும். எழுதுகிறவர் தம் உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எது வேலை செய்யவில்லை, எது வலிக்கின்றது, எதைக் காண நாணுகின்றார் என்று வரிசைப்படுத்துகின்றார். கேசாதிபாதம் பாடிய மொழியில் பழகியவனுக்கு இது தலைகீழ்க் கேசாதிபாதம் போலத் தோன்றுகின்றது. எழுத்துக் குற்றம் என்று இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால், குற்றம் எழுதியவருடையது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் காரணம் அந்நாட்டு விதிகளில் இருக்கின்றது. சிறிது பொறுமையோடு அவற்றைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மெடிகேர் என்பது அரசு நடத்தும் மருத்துவக் காப்புறுதி. 65 வயது நிரம்பியோர்க்கு அது உரியது; உடற்குறையால் உழைக்க இயலாது உதவித்தொகை பெறுவோர்க்கும், பெரும்பாலும் 24 மாதம் காத்திருந்த பின், உரியது. பால்மாற்று அறுவைக்கு அக்காப்புறுதி பணம் தராது என்னும் விதி 1989-இல் வெளியாயிற்று. இன்னும் ஆய்வு நிலையில் உள்ள மருத்துவம் என்பது சொல்லப்பட்ட காரணம். அதற்கு ஆதாரம் 1981-இல் எழுதிய ஓர் அறிக்கை. ஆண்டுகள் சென்றன, மருத்துவம் வளர்ந்தது, அறிக்கை அப்படியே இருந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்பகர்கி நகரில் வாழ்ந்த முன்னாள் படைவீரர் டெனி மாலன் தம் 74-ஆம் வயதில் இதனை எதிர்த்து முறையிட்டு வென்றார். 2014 மே 30-ஆம் நாள் மேல்முறையீட்டு வாரியம் அவ்விதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரண்டு ஆண்டு கழித்து, நாடு முழுமைக்கும் ஒரே விதி செய்யுமாறு கேட்டபோது, மெடிகேர் அதிகாரிகள் அதற்கு இணங்கவில்லை. ஒவ்வொருவர் நிலையையும் நோக்கி அந்தந்த வட்டாரத்துப் பொறுப்பாளரே முடிவு செய்க என்று விட்டனர். மறுக்கும் விதி போயிற்று. தரும் விதி வரவில்லை. இடையில் நிற்பவர் என்ன செய்வார்? வேண்டுகோள் எழுதுவார்.

எழுதினால் தீர்ந்ததா? இங்கேதான் உடற்குறை உடையவர்க்கு மட்டும் உரிய சிக்கல் வருகின்றது. வறியராயும் உடற்குறை உடையராயும் இருப்போர்க்கு எஸ்.எஸ்.ஐ. என்னும் மாத உதவி 1974 முதல் அந்நாட்டில் வழங்கப்படுகின்றது. அதைப் பெறுகிறவர் தனியரானால் 2,000 டாலருக்கு மேலும், கணவன் மனைவியானால் 3,000 டாலருக்கு மேலும் கையிருப்பு வைத்தல் கூடாது. குடியிருக்கும் வீடும் ஓர் ஊர்தியும் கணக்கில் சேரா. இந்த 2,000 என்னும் எல்லை எப்பொழுது வந்தது என்று பார்த்தேன்: அதுவும் 1989. அன்று முதல் விலைவாசி எத்தனையோ மடங்கு ஏறியும் எல்லை ஏறவில்லை. பரிசாக வரும் பணம் வந்த மாதத்தில் வருவாய். மாதம் கடந்து கையில் தங்கினால் இருப்பு. எல்லை கடந்தால் உதவி நிற்கும். பல மாநிலங்களில் அவ்வுதவியோடு பிணைந்தே வறியோர்க்கான மருத்துவக் காப்புறுதியும் வருவதால், அதுவும் ஆட்டம் காணும். சக்கர நாற்காலியும் மருந்தும் வீட்டுக்கு வந்து உதவும் பணியாளும் அக்காப்புறுதியால் கிடைப்பவை.

ஆக, அறுவைக்காக ஊரார் தந்த பணம் எண்ணாயிரம் டாலர் ஒருவர் பெயரில் வந்து சேர்ந்தால், அவர் உயிர் தரித்திருக்கும் வழி அடைபடலாம். பெருஞ்சித்திரனார் குமணனிடம் பெற்ற யானையைக் கொண்டுபோய் இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிய கதை 162-ஆம் பாட்டில் உண்டு. பரிசில் யானையை வறிய புலவன் எங்கே கட்டி எதைப் போட்டு வளர்த்தான் என்று மாணவர்கள் கேட்டுச் சிரிப்பதுண்டு. அந்தச் சிரிப்பு இங்கே பொருந்தாது. யானை வந்தால் கூரை போகும் என்று சட்டமே எழுதி வைத்திருக்கின்றது.

வழி இல்லாமல் இல்லை. மருத்துவமனைக்கே நேரே செலுத்தும் பணம் நோயாளியின் வருவாய் ஆகாது. அறக்கட்டளை முறையில் பிறர் பொறுப்பில் வைக்கலாம். 2014 முடிவில் நிறைவேறிய ஏபிள் சட்டத்தின்படி தனிக் கணக்கொன்று தொடங்கினால், அதில் 100,000 டாலர் வரை இருப்பாகக் கொள்ளப்படாது; 26 வயதுக்கு முன் உடற்குறை எய்தியோர்க்கே என்று இருந்த அவ்வசதி, 2026 முதல் 46 வயதுக்கு முன் எய்தியோர்க்கும் விரிந்தது. ஐம்பதாம் வயதில் விபத்துக்கு உள்ளானவர்க்கு அது இல்லை. இவற்றையெல்லாம் அறிந்த ஒருவர் எழுதும் வேண்டுகோளில், 'பணத்தை என் பெயரில் அனுப்ப வேண்டா. என் தோழி பொறுப்பில் இருக்கும். மருத்துவமனைக்கு நேரே செல்லும்' என்னும் குறிப்பு வருகின்றது. முதல் முறை படித்தபோது அக்குறிப்பு எனக்கு ஐயத்தை உண்டாக்கிற்று என்பதை ஒப்புக்கொள்கின்றேன். பணம் கேட்கிறவர் ஏன் தம் கையில் வாங்க மறுக்கின்றார்? விதியை அறிந்த பின்னரே அது கள்ளம் அன்று, தற்காப்பு என்று விளங்கிற்று. விதியை அறியாத வாசகர் எத்தனை பேர் அந்த இடத்தில் ஐயுற்று விலகியிருப்பர்!

இனி, சொல்லுக்கு வருவோம். நம் மொழியில் 'குறை' என்னும் சொல் இருவழிப்பட்டது. நிறைவின்மையும் குறை, ஒருவர் வேண்டி நிற்பதும் குறை. களவியலில் தோழியிடம் தலைவன் தன் வேண்டுகோளைச் சொல்லி நிற்பதைக் குறையுறுதல் என்றும் குறையிரத்தல் என்றும் இலக்கணம் கூறும். அங்கே தலைவனிடம் ஊனம் எதுவும் இல்லை. வேண்டுதல் ஒன்று இருக்கின்றது. முடவனார் பாட்டிலேயே இச்சொல் மூன்றாம் பொருளில், மீன் துண்டைக் குறிக்க வருகின்றது என்பது வேறு. நான் சொல்ல வருவது இது: இன்று பொருள் தருவோர் உலகம் முதல் இரண்டு பொருளையும் ஒன்றாக்கிவிட்டது. ஊனமாகிய குறையைக் காட்டினாலன்றி வேண்டுதலாகிய குறையைக் கேட்பாரில்லை.

இதனைத் தம் வாழ்விலிருந்து எடுத்து ஆராய்ந்தவர் ஈலை கிளேர் என்னும் அமெரிக்க எழுத்தாளர். 1963-இல் பிறந்தவர்; ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலை நம்பிய போர்ட் ஆர்ஃபர்ட் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். பெருமூளை வாதம் உடையவர். பெண்ணாகக் கருதி வளர்க்கப்பட்டு, ஆணாக வாழத் தொடங்கியவர். கவிதை எழுதுபவர்; உரைநடையிலும் அது தெரியும். 'எக்ஸைல் அண்ட் பிரைட்' என்னும் அவருடைய கட்டுரை நூல் 1999-இல் வெளிவந்தது. நியூ ஹாம்ஷையர் மாநிலத்து ஆடம்ஸ் மலையில் ஏறத் தொடங்கி, உச்சி சேராமல் பாதியில் திரும்பிய ஒரு நாளைக் கொண்டு அது தொடங்குகின்றது. உடற்குறை உடையவர் மலை உச்சியில் நின்று கையசைக்கும் படத்தைச் செய்தித்தாள்கள் விரும்பும். அந்தப் படத்தை அவர் தர மறுத்தார். திரும்பிவிட்டேன் என்று எழுதினார். அந்நூலை நம் ஆசிரியர்கள் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இந்தத் தொடக்கம் ஒன்றே போதும்.

2017-இல் வெளிவந்த 'பிரில்லியண்ட் இம்பெர்ஃபெக்ஷன்' முழுவதும் 'குணமாக்குதல்' என்னும் எண்ணத்தை நோக்கிய வழக்குரை. தம் கைந்நடுக்கத்தையும் குழறும் பேச்சையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் விருப்பம் அவரிடம் இல்லை. அதுவே தம் உடல் என்கின்றார். ஆனால் மார்பு அறுவை செய்துகொள்ள விரும்பினார், செய்துகொண்டார். ஓர் உடலில் ஒன்றைத் திருத்த வேண்டா என்றும் மற்றொன்றை மாற்ற வேண்டும் என்றும் எப்படிச் சொல்வது? இந்த வினாவை எதிரி ஒருவர் கேட்பதற்கு முன் தாமே கேட்டுக்கொள்கின்றார். எளிய விடை தரவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அவர் பக்கங்களில் நான் கண்டது இது: ஒரு மாற்றம் பிறர் கண்ணுக்காக அவர்மேல் சுமத்தப்படுவது, மற்றொன்று அவர் உள்ளிருந்து எழுந்த வேண்டுதல். முன்னது குறை நீக்கம், பின்னது குறையிரத்தல். நம் மொழியின் இரு பொருளும் அவர் உடலில் தனித்தனியே நிற்கின்றன.

இதற்கு முன்பே, திருநர் ஆய்வுக் கட்டுரைகளின் பெருந்தொகுப்பு ஒன்றின் இரண்டாம் தொகுதியில், 2013-இல், உடல் நாணத்தையும் உடல் பெருமிதத்தையும் பற்றிய அவருடைய கட்டுரை வந்தது. அறுவை வேண்டும் திருநர் சிலர் தம் நிலையைப் பிறவிக் குறை என்று சொல்லிக்கொள்வதை அதில் எடுத்துக்கொள்கின்றார். உடற்குறை உடையவர்க்குக் கிடைப்பது போல எங்களுக்கும் நல்ல மருத்துவம் எளிதில் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கிளேர் இரண்டு கேள்வி எழுப்புகின்றார். உடற்குறை உடையவர்க்கு மதிப்பான மருத்துவம் எளிதில் கிடைக்கின்றது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள் என்பது ஒன்று. குறை என்னும் சொல்லை எடுத்து உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும்போது, அதனைக் கழற்ற வாழ்நாளெல்லாம் போராடியவர்களை என்ன செய்கின்றீர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி முதலாவதினும் கூர்மையானது.

இங்கே எனக்குக் கிளேரோடு ஒரு சிறு வேறுபாடு உண்டு. அவர் சொல்வது முற்றும் சரி. ஆனால் விண்ணப்பப் படிவத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்க்குச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கின்றதா? அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இந்நிலை 1980-இல் இடம்பெற்றது. 1994-இல் பால் அடையாளக் கோளாறு எனப் பெயர் கொண்டது. 2013-இல் 'கோளாறு' நீங்கி, பால் பொருந்தா வருத்தம் என்னும் பொருள்படும் பெயர் ஏற்றது. உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த பட்டியலோ அதனை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. ஆனால் பட்டியலை விட்டு அறவே நீக்கவில்லை. பாலியல் நலம் பற்றிய வேறொரு பகுதியில் வைத்தது. ஏன்? பட்டியலில் ஒரு பெயரும் எண்ணும் இல்லையேல் காப்புறுதிக்காரர் பணம் தரார். பெயர் அவமதிக்கின்றது; பெயர் இல்லையேல் கதவு திறவாது. கிளேர் எழுதுவது கட்டுரை. அதில் சொல்லை ஏற்கலாம், தள்ளலாம். வேண்டுகோள் எழுதுகிறவர்க்கு அந்தச் சொல் சாவி.

உடற்குறையும் உடைய திருநர்க்கு இது இருமடங்கு. கால் வழங்காமை பற்றி எழுதும்போது 'இதில் இரங்க ஒன்றுமில்லை' என்று தலை நிமிர விரும்புகிறவர், அடுத்த பத்தியில் மார்பைப் பற்றி 'இது என்னைக் கொல்கின்றது' என்று எழுதியாக வேண்டும். படிக்கிறவர் இரண்டையும் ஒரே இரக்கத்தில் கலந்து குடித்துவிடுகின்றார். சில வேளைகளில் அதனினும் மோசம்: இவ்வளவு உடல் துன்பம் உள்ளவர்க்கு இந்த ஆசையும் எதற்கு என்று நினைப்பவரும் உண்டு. முடவனார் எருது கேட்டபோது, நடக்கமாட்டாத உமக்கு ஊர் சுற்றும் ஆசை ஏன் என்று தோன்றிக்கோன் கேட்டிருந்தால் எப்படி இருக்கும்!

இத்தனை நெருக்கடிக்கு நடுவிலும் நன்றாக எழுதப்பட்ட வேண்டுகோள்கள் இருக்கின்றன. அவற்றை மற்றவற்றினின்று பிரிப்பது எது என்று பல நாள் எண்ணினேன். துன்பத்தின் அளவு அன்று, பொருளின் திட்பம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கின்றேன். மார்பு அறுவைக்குப் பின் சில வாரங்கள் கையால் கனமான எதையும் தூக்கவோ தள்ளவோ கூடாது என்பர் மருத்துவர். கால் வலிமை உள்ளவர்க்கு அது சிறு தொல்லை. கையால் உருட்டும் சக்கர நாற்காலியில் வாழ்பவர்க்கோ கையே கால். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு மாறுவதும் தோள் வலிமையால். ஆகவே அறுவைக் கட்டணம் முழுவதையும் காப்புறுதி ஏற்றுக்கொண்டாலுங்கூட, அந்தச் சில வாரங்களுக்கு இரவும் பகலும் ஓர் ஆள், மின்விசையால் ஓடும் நாற்காலி ஒன்று வாடகைக்கு, அந்நாற்காலி ஏறக்கூடிய வண்டி என்று செலவு விரியும். மருத்துவமனைப் பட்டியலில் இவை எதற்கும் இடமில்லை. நல்ல வேண்டுகோள் இவற்றை எடுத்துச் சொல்கின்றது: இத்தனை வாரம், இத்தனை மணி நேரம், இதற்கு இவ்வளவு. அங்கே அழுகை குறைந்துவிடுகின்றது. படிக்கிறவன் இரங்குவதை விட்டுக் கணக்குப் பார்க்கத் தொடங்குகின்றான். எழுதியவரோடு ஒரே மேசையில் உட்கார்ந்துவிடுகின்றான். சேற்றில் தளராத எருது என்று முடவனார் சொன்னதும் இதே முறைதான் என்பேன்.

மற்றொன்று, தருவோர் பற்றியது. அதியமான் தம்மைக் காணாமலே கொடுத்தனுப்பிய பொருளை ஏற்க மறுத்துப் பெருஞ்சித்திரனார் பாடிய 208-ஆம் பாட்டை நாம் மானத்துக்கு எடுத்துக்காட்டாக நடத்துகின்றோம். உவந்து தந்தால் குன்றியளவும் கொள்வேன் என்று குமணனிடம் அவர் சொன்னதும் நாம் அறிந்ததே. அந்த மறுப்புக்கு அவரிடம் வசதி இருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டில் இருந்த வறுமையை 159, 160-ஆம் பாட்டுகள் சொல்கின்றன. ஆயினும், அன்று அதியமான் இல்லையேல் குமணன் இருந்தான். இன்று தருவோர் அனைவரும் காணாது ஈவோரே. வேண்டுகோள் எழுதுகிறவர் அவர்களை மறுக்க முடியாது. ஆகவே தம்மைக் காணச்செய்ய முயல்கின்றார். படம் வைப்பதும் நாய்க்குட்டியின் பெயரைச் சொல்வதும் நகைச்சுவை பேசுவதும் அதற்காகவே. முன்னர் நான் மிகை என்று குறைகூறியவற்றுள் சில இதனால் வந்தவை. அவ்வளவில் என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகின்றேன்.

தமிழில் இத்தகைய எழுத்து உண்டா என்று கேட்கலாம். உடற்குறையும் திருநர் வாழ்வும் ஒருங்கே சொல்லும் தன்வரலாற்றைத் தமிழில் நான் இன்னும் படித்ததில்லை. ஆனால் அறுவைக்குப் பணம் தேடிய வரலாறு இருக்கின்றது. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற லிவிங் ஸ்மைல் வித்யா, ஓடும் ரயிலில் கைநீட்டிப் பிச்சை எடுத்துப் பணம் சேர்த்ததை 2007-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கின்றார். ரயிலில் கைநீட்டுபவர் எதற்காக என்று சொல்வதில்லை. சொன்னால் தருவாரும் இல்லை. அங்கே வேண்டுகோள் என்னும் இலக்கியத்துக்கே இடமில்லை. நூல் எழுதியபின்தான் அந்தக் கைநீட்டலுக்குப் பொருள் வந்தது. தமிழ்நாட்டில் 2008-இல் நல வாரியம் அமைந்ததும், அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அறுவைக்கு வழி பிறந்ததும் அதன் பின்னே.

நம் பக்கத்திலும் ஒரு வரலாறு இருக்கின்றது, பலர் மறந்துவிட்டனர். 1971 ஜூலையில் சிங்கப்பூர்க் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் இத்தகைய அறுவை முதன்முறையாக நடந்தது. நடத்திய பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் இலங்கையில் பிறந்த தமிழர். கை திறமையாய் இருந்தது. பணம் யார் தருவது என்பதற்கு மட்டும் விடை பிறக்கவில்லை. சிங்கப்பூரர் அனைவர்க்கும் உரிய மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி தனக்குப் புறம்பானவை என்று வைத்த பட்டியலில் இவ்வறுவை இடம்பெற்றது.

சென்ற பருவத்தில், விண்ணப்பக் கடிதம் எழுதும் பாடத்துக்கு முன்னுரையாக 399-ஆம் பாட்டை என் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பாட்டின் முடிவு தெரியுமல்லவா? ஓர் எருது வேண்டும் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், விண்ணில் மீன் பூத்தது போன்ற ஆனிரைகளை ஊர்தியொடு தோன்றிக்கோன் கொடுத்துவிட்டான். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அவர் எருது மட்டுந்தானே கேட்டார்? வண்டியும் வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது?" என்றாள். நான் உரையைப் புரட்டினேன். உரையில் அதற்கு விடை இல்லை. பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன், "அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை அவன் பார்த்திருப்பான்" என்றான். பிறகு எல்லாரும் கடிதம் எழுதத் தொடங்கினர்.